இருபது பைகள், ஒரே அளவு

மார்ச் 4, செவ்வாய்

பொம்மையை இன்று இரண்டு தடவை கொன்றேன்.

வார்டு உதவியாளர்களுக்கான மேல்நிலைப் பயிற்சியின் முதல் நாள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்த ரப்பர் பொம்மை. அந்தக் குழாய்க்குள் மெல்லிய இன்னொரு குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போது மட்டும்தான். அதுவும் பத்து நொடிக்குள். சளியோடு மூச்சுக்காற்றும் சேர்ந்து போகிறது அல்லவா. ஒரு தடவை எடுத்தபின் ஆள் நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் அடுத்த தடவை. நானாவது காத்திருப்பதாவது! ஒரே வேகத்தில் மூன்று தடவை விட்டு எடுத்து, மேஜையைத் துடைத்து, கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பொம்மையின் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, வேலை சுத்தமா முடிஞ்சுது. ஆளும் முடிஞ்சுட்டார்" என்றாள் பயிற்சி சிஸ்டர். இருபத்தொன்பது வயது. நான் இந்த வேலைக்கு வந்தபோது அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் சொன்னது சரி, என்ன செய்ய?

எனக்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூச்சுக்குழாய், டிரிப்ஸ், வயிற்றுப் பை. ஏப்ரல் முப்பதுக்குள் மூன்றும் கிடைத்தால் அறுவை சிகிச்சை வார்டிலேயே மேல்நிலை உதவியாளர். கிடைக்காவிட்டால் மே மாதத்திலிருந்து துணிக் கிடங்கு. பதினாலு வருஷம் மனிதர்களோடு மல்லுக்கட்டிவிட்டுப் போர்வைகளோடு போய் உட்கார என்னால் முடியாது. போர்வை திருப்பிப் பேசாது.

மார்ச் 6, வியாழன்

பொம்மை இன்று பிழைத்தது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுப்பாடம். வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். குடலில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு வயிற்றிலேயே ஒரு புதுவாசல் வைத்துவிடுகிறார்கள். கழிவு அதன் வழியாக வந்து இந்தப் பைக்குள் விழும். அவர்கள் படும் பாடு நமக்கும் தெரிய வேண்டுமாம். உள்ளே கூழாகக் கரைத்த ஓட்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னாள் சிஸ்டர்.

மகள்தான் கரைத்துக் கொடுத்தாள். "அம்மா, பால் ஊத்தவா, தண்ணி ஊத்தவா?" என்று கேட்டாள். இந்த வயதில் என்ன அக்கறை! வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திருப்பிப் பார்த்து எங்கே கழலும் என்று கண்டுபிடிப்பவர். பையைத் தட்டிப் பார்த்து, "ஓரம் சரியா உக்காரலையே" என்றார். "உங்க லிஃப்டைப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஓரம் சரியாக உட்காரவில்லைதான்.

பஸ்ஸில், சரியாக ஆட்கள் நெருக்கி நின்ற நேரத்தில், இடுப்பில் சில்லென்று இறங்கியது. வெறும் ஓட்ஸ்தான் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற பெண்மணிக்குத் தெரியாது. அவள் என் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "ஓட்ஸ்" என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

ஒட்டியபின் ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கைச்சூட்டில்தான் பசை பிடிக்கும். நான் நாலு நொடி பிடித்தேனோ என்னவோ. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். சிரித்துக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் அந்தப் பெண்மணி முகம் திருப்பியது சாயங்காலம் வரை மனதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 13, வியாழன்

மூன்றாவது கையெழுத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார். ஒரு டெய்லர் மாஸ்டர், அறுபத்திரண்டு வயது, பெருங்குடலில் கட்டி எடுத்து ஐந்து நாள் ஆகிறது. இந்தக் கையெழுத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: பையை நான் மாற்றினால் போதாது. நான் சொல்லிக் கொடுத்து, அவர் தன் கையாலேயே மாற்ற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தபின்தான் சிஸ்டர் பேனாவை எடுப்பாள்.

மாஸ்டரோ அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். சட்டையைத் தூக்கியதும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்கிறார். "நீ என்ன வேணா பண்ணும்மா. என்னைப் பாக்கச் சொல்லாத." துண்டுக்கு உள்ளிருந்து குரல். பக்கத்தில் அவர் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். கடையை மைத்துனருக்கு விட்டுவிடலாம் என்று நேற்று சொன்னாராம். நாற்பது வருஷக் கடை.

உதட்டின் உள்பக்கம் மாதிரிச் சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன மொட்டு. அவ்வளவுதான் விஷயம். தொட்டால்கூட வலிக்காது. ஆனால் அவருக்கு அது என்னவாகத் தெரிகிறதோ.

நான் ஆறு நிமிடத்தில் மாற்றிவிட்டேன். துண்டை எடுப்பதற்குள் சட்டைப் பொத்தான் வரை போட்டாகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

முதல் கையெழுத்து! டிரிப்ஸ்.

நாலாம் கட்டில் அம்மாவுக்குச் சொட்டு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. கடந்து போனவள் ஏனோ நின்றேன். அந்தம்மா வளையலை மேலே தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். கையைத் தொட்டால் ஊசி இருந்த இடம் சில்லென்று, மெத்தென்று. மருந்து நரம்புக்குள் போகாமல் தோலுக்கு அடியில் தேங்கிக்கொண்டிருந்தது. டிரிப்ஸ் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டிச் சொட்டை நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். "ஊசி குத்துறது எங்க வேலை. இதைப் பாக்கறதுதான் உங்க வேலை, அக்கா" என்று அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டாள்.

வளையல் இறுகியதால் தெரிந்தது. நான் ஓடிக்கொண்டே இருந்திருந்தால்? சரி, ஓடவில்லை. இன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 20, வியாழன்

ஒன்பதாம் கட்டிலில் ஒரு டாக்சி டிரைவர். கழுத்தில் குழாய், பேச முடியாது, ஸ்லேட்டில் எழுதுவார். பொம்மையை விட இவர் பரவாயில்லை. சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே திட்டிவிடுவார். முதல் தடவை குழாயை விட்டு எடுத்து, அடுத்ததற்குக் கையை நீட்டினேன். பட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினார்: "ஓவர் ஸ்பீடு. லைசென்ஸ் எடு."

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். நாற்பது நொடி. எத்தனை நீளமான நாற்பது நொடி! பிறகு அவரே தலையாட்டினார். இரண்டாவது தடவை எல்லாச் சளியும் வந்துவிட்டது. முகம் தெளிந்து, "இப்ப போகலாம் ரைட்" என்று எழுதினார்.

இரண்டாவது கையெழுத்து.

மார்ச் 21, வெள்ளி

மாஸ்டர் வீட்டுக்குப் போகிறார். இன்னும் துண்டை எடுக்கவில்லை. வீட்டில் மனைவிதான் மாற்றப் போகிறார். அந்தம்மாவுக்கோ கத்திரியைப் பிடித்தால் கை நடுங்குகிறது. புதுவாசல் நுழைகிற அளவுக்குப் பையில் ஓட்டை வெட்ட வேண்டும், அதுதான் பயம்.

பாவமாக இருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் பிரித்து, இருபது பைக்கும் நானே வெட்டிக் கொடுத்துவிட்டேன். வட்ட வட்டமாகத் துளை போட்ட அளவு அட்டையை வைத்துப் பார்த்தது முப்பத்தெட்டு மில்லிமீட்டர், கொஞ்சம் இடம் விட்டு வெட்டியது நாற்பது. பெட்டி மேல் "மாஸ்டருக்கு – வெட்டியாச்சு" என்று பெரிசாக எழுதினேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வரும்போது நிதானமாகச் சொல்லிக் கொடுத்து மூன்றாவது கையெழுத்தையும் வாங்கிவிடலாம்.

மார்ச் 22, சனி

இருபது பை, பதினெட்டு நிமிடம். வார்டில் வேறு யாராலும் முடியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

எதில் ஆரம்பிப்பது.

மாஸ்டர் வந்தார். சக்கர நாற்காலியில். நடக்க முடியாமல் இல்லை, ஒழுகுகிறது என்று எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். பையை எடுத்தால் சுற்றிலும் தோல் வெந்துபோன மாதிரி. தொட்டதும் அந்த மனுஷர் துண்டுக்குள்ளேயே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சிஸ்டர் அட்டையை வைத்து அளந்தாள். முப்பது. ஐயோ, முப்பது! அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் வீங்கியிருக்கும், வாரம் போகப் போகச் சுருங்கும், ஒவ்வொரு தடவையும் அளந்துதான் வெட்ட வேண்டும் – முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். நாற்பதுக்கு வெட்டிய ஓட்டைக்குள் முப்பது. மிச்சத் தோல் முழுக்கக் கழிவில் ஊறியிருக்கிறது, பதினெட்டு நாளாக.

வெட்டிக் கொடுத்தது நான் என்று சிஸ்டருக்குத் தெரியாது. "வீட்ல ஒட்டுறது சரியில்லம்மா" என்றாள் அந்தம்மாவைப் பார்த்து. அந்தம்மா, "எனக்குக் கை சரியா வராது சிஸ்டர், அவரும் அதுக்குத்தான் திட்டுறார்" என்று அழுதார். சிஸ்டர் தாளில் எழுதினாள்: வீட்டில் ஒட்டும் முறை சரியில்லை.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கல? பேசக் கூடாத நேரத்துல எல்லாம் பேசுற வாய்தானே இது. இருபத்திரண்டு நாள்தான் இருக்கு, இன்னும் ஒரே ஒரு கையெழுத்து, அதான். வேற என்ன காரணம். துணிக் கிடங்குக்குப் பயந்துக்கிட்டு அந்தம்மாவை அழ விட்டுட்டு வந்து சாப்பிட உக்காந்திருக்கேன்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "லிஃப்ட்ல ஒரு போல்ட்டைத் தப்பா மாட்டிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சா, அதுல ஆளை ஏத்துவேனா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பஸ்ஸைக்கூட எதிர்பார்க்காமல் நடந்தே போனேன்.

சிஸ்டர் முழுக்கக் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுதிக் குடுங்க அக்கா" என்று தாளை நீட்டினாள். எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனாள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன்.

தீர்ப்பு: பயிற்சியை நிறுத்தவில்லை. ஆனால் வேறு நோயாளி தரமாட்டார்கள். அதே மாஸ்டர், அதே முப்பதாம் தேதி. அவர் தன் கையால் மாற்றினால் கையெழுத்து; இல்லையென்றால் கிடங்கு. முகத்துத் துண்டையே எடுக்காத ஆள்!

மத்தியானம் அந்தம்மாவுக்கு போன் செய்தேன். "தப்பு உங்க கைல இல்லம்மா, நான் வெட்டின அளவுல" என்றேன். "இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். அவர் காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

இதை வரி விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

புண்ணைக் காட்ட வார்டுக்கு வந்திருந்த மாஸ்டர் கட்டிலில் படுத்திருந்தார், முகத்தில் துண்டு. புண்ணுக்குப் பவுடர் போட வந்த நான், "மாஸ்டர், நேத்து போன்ல சொன்னது நான்தான். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

துண்டுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. "எத்தனை வெட்டின?"

"இருபது."

"அளவு?"

"எல்லாம் ஒரே அளவுதான்."

துண்டு மூக்கு வரை இறங்கியது. இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன. "ஒரே நாள்ல, ஒரே அளவுல, இருபதா? ஆளைத் திரும்ப அளக்காமலா? ஏம்மா, பள்ளிக்கூட யூனிபாரம்னு நினைச்சியா?"

"அதுல ஒண்ணைக் காட்டு" என்றார். அந்தம்மா திரும்பக் கொண்டுவந்திருந்த ஆறில் ஒன்றைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். துண்டு எப்போதோ கழுத்துக்கு வந்துவிட்டது. "இது வட்டமா? எலி கடிச்ச மாதிரி இருக்கு. கத்திரியைத் திருப்பியிருக்க. துணியைத்தாம்மா திருப்பணும், கத்திரி நின்ன இடத்துலயே நிக்கணும். எவ்வளவு அவசரத்துல வெட்டின?"

"ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல மாஸ்டர்."

"என் கடையா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." சரியான கோபம். "அந்த அளவு அட்டையைக் குடு."

கொடுத்தேன். தலையணையை முதுகுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் எங்கே அளக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அட்டை கையிலேயே நின்றது.

குனிந்து பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் கோணியது, சரியானது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கண்ணாடியைக் குடு" என்று மனைவியிடம் கையை நீட்டினார். அட்டையை வைத்து ஒரு தடவை அளந்தார், திருப்பி வைத்து இன்னொரு தடவை. "குறுக்க முப்பது. நெடுக்க இருபத்தாறுதான். இது வட்டமே இல்ல. முட்டை. யாரும்மா இதை வட்டம்னு சொன்னது?"

யாரும் கவனிக்கவில்லை. சிஸ்டரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தம்மாவும் அழுதார். மாஸ்டர் மட்டும் பேனா கேட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புண் ஆறுகிறது. மாஸ்டர் காகிதத்தில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை வெட்டுகிறார். ஒரு பைக்கு இருபது நிமிடம். வெட்டிய ஓரம் தண்ணீர் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது.

ஒட்டுவதில்தான் தடுமாற்றம். பையின் மேல்பக்கம் மடங்கியது, என் கை தானாகப் போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது புறங்கையில். "நான் கூப்பிட்டேனா?" கையை உட்கார்ந்திருந்த தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மகளிடம் இதைச் சொன்னதற்கு, "அம்மா, அவரை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாயேன், அப்புறம் என் டிபன் பாக்ஸையும் நானே கட்டிக்கறேன்" என்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மூன்று நாள் பை ஒழுகவில்லை. நடந்தே வந்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை எட்டு மணிக்குப் பரீட்சை. வெறும் வயிற்றில் இருந்தால்தான் மாற்றும்போது எதுவும் வராது. அறையில் மாஸ்டர், சிஸ்டர், நான். பேசலாம், தொடக் கூடாது. அது எனக்கான சட்டம்.

பழைய பையை மேலிருந்து கீழாக, தோலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல உரித்தார். கழுவினார். ஒற்றித் துடைத்தார். அளந்தார், இருபத்தெட்டு, இருபத்துநாலு. காகிதம் வெட்டினார். பை வெட்டினார். ஒட்டினார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சை விட்டபோது, உட்கார்ந்திருந்த வாக்கில் வயிற்று மடிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தது. சின்னச் சுருக்கம்தான். எனக்குத் தெரிந்தது. சிஸ்டருக்கும் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை! என் கை துடித்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டேன். சொல்லலாம்தான், ஆனால் சொன்னால் நாளைக்கு வீட்டில் யார் சொல்வார்கள்? பேசாமல் நின்றேன். எனக்கே என் மேல் ஆச்சரியம்.

மாஸ்டர் சட்டையை இறக்கப் போனார். நிறுத்தினார். ஓரம் முழுக்க ஒரு தடவை விரலை ஓட்டினார். சுருக்கத்தில் விரல் நின்றது. "ச்சே" என்று முழுப் பையையும் உரித்துப் போட்டுவிட்டு, முதலில் இருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எழுந்து நின்றுகொண்டு ஒட்டினார். உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார்.

ஐம்பத்து மூன்று நிமிடம். நான் ஆறு நிமிடத்தில் செய்கிற வேலை.

சிஸ்டர் கையெழுத்துப் போட்டாள். பிறகு என் முதுகுப் பக்கம் வந்து, நகம் பதிந்திருந்த மணிக்கட்டைப் பார்த்து, "மருந்து போட்டுக்கோங்க அக்கா" என்றாள். மாஸ்டர் வாசலில் திரும்பி, "கடைல ஆள் காத்திருக்கும்மா, வரேன்" என்று போய்விட்டார். மூன்று கையெழுத்து! வீட்டுக்கு வந்து மூன்று பேரும் அந்தத் தாளைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தோம். வீட்டுக்காரர் சாயங்காலம் முழுக்க என்னை "மேல்நிலை" என்றே கூப்பிட்டார்.

மே 5, திங்கள்

புதுப் பொறுப்பின் முதல் நாள். ஏழாம் கட்டிலில் ஒரு பேக்கரிக்காரம்மா, அறுவை சிகிச்சை முடிந்து ஆறு நாள். நான் பெட்டியோடு போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்களே சீக்கிரம் போட்டுட்டுப் போயிடுங்களேன். உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்."

"இன்னிக்கு எனக்கு வேற வேலையே இல்லம்மா" என்றேன். பச்சைப் பொய். பதினோரு கட்டில் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ரொட்டி மாவு எத்தனை மணிக்குப் பிசைவார், எவ்வளவு நேரம் பொங்க விடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். பிறகு உத்தரத்தைப் பார்த்தபடி. எப்போது என் பக்கம் திரும்பினார் என்று கவனிக்கவில்லை. அளவு அட்டையை அவர் கையில் கொடுத்தபோது மணி பன்னிரண்டே கால்.

ஒரு மணிக்கு அவர் இன்னும் அளந்துகொண்டிருந்தார். இரண்டு மணிக்கு கேன்டீனை மூடிவிட்டார்கள். பசியே தெரியவில்லை என்று எழுதினால் பொய். நல்ல பசி.